வார்டில் இருக்கும் குழந்தைக்குச் சாப்பாடு யார் பொறுப்பு? – கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கிறேன். குழந்தையின் சாப்பாட்டை டாக்டர், நர்ஸ், நான், அம்மா எல்லோரும் ஒரு குழுவாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கேளுங்கள். மருந்து அளவு மட்டும் கேட்காதீர்கள்; குழந்தையைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கேள்வி (ஒரு தாய்): 3 வயது மகள் நிமோனியாவுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நோய் சரியாகிவிட்டது, எடை குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே இப்படி ஆகுமா?

பதில்: ஆகும். காய்ச்சலும் மூச்சிரைப்பும் உடம்பின் தேவையைக் கூட்டும், பசியை அடக்கும். மீதி எடையை வார்டே குறைத்துவிடும். ஒருநாள் ஒரு குழந்தையின் கட்டிலில் 'வெறும் வயிறு' என்ற அட்டை தொங்கியது. காலை ஒன்பது மணி ஸ்கேன் மதியத்துக்குத் தள்ளிப்போனது, அப்புறம் மறுநாளைக்கு. டாக்டர் நேரத்தை மாற்றினார். நர்ஸ் அட்டையில் இருந்தபடி நடந்தார். சாப்பாட்டு வண்டி அட்டையைப் பார்த்து நகர்ந்துவிட்டது. மாலை நாலு மணிக்கு நான் போனபோது குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்திருந்தார்கள். அட்டையைக் கழற்றுவது மட்டும் யார் வேலையிலும் இல்லை.

உங்கள் மகளை வாரம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்துப் பாருங்கள். சில வாரத்தில் எடை ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எடை கூட நல்ல டானிக் சொல்லுங்கள்.

பதில்: அப்படி ஒன்று கிடையாது.

கேள்வி: பையன் கொழுகொழுவென்றுதான் இருக்கிறான். கால் கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஊட்டச்சத்துக் குறைபாடு என்கிறார்கள். நம்புவதா?

பதில்: நம்புங்கள். இரண்டு பாதங்களின் மேலும் பெருவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் அது சதை இல்லை, நீர். சிறுநீரகம், இதயம் காரணமாகவும் நீர் கோக்கும். அதை டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த வீக்க வகையை மருத்துவ உலகுக்கு விவரித்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1930-களில், இன்றைய கானாவில். அங்குள்ள கா மொழியில் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே அவர் எடுத்துக்கொண்டார்: அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததற்கு வரும் நோய். சிகிச்சையில் முதல் சில நாள் எடை குறையும். பயப்படாதீர்கள், நீர் வடிகிறது.

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்): எங்களிடம் கை நாடா மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

பதில்: கண்டுபிடிக்கப் போதும். 6 மாதம் முதல் 5 வயதுக்குள்: மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு, 11.5-இலிருந்து 12.5-க்குள் மிதம். இடது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளி, கை தளர்ந்து தொங்க வேண்டும். நாடாவை இறுக்காதீர்கள். பாதத்தையும் அழுத்திப் பாருங்கள். இரண்டு பாதமும் வீங்கியிருந்தால், அல்லது தீவிரம் என்று வந்து கூடவே வேறு நோய் இருந்தாலோ கொடுத்ததைச் சாப்பிட மறுத்தாலோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சீட்டில் 'மெலிவு' என்று எழுதாமல் அளவை எழுதுங்கள்.

கேள்வி: பட்டினியால் வாடிய குழந்தைக்கு வயிறாரக் கொடுக்காமல் ஏன் கொஞ்சம் கொஞ்சமாக?

பதில்: திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு அளவு சரியும், இதயம் நிற்கக்கூடும். அதனால் முதலில் எஃப்-75 என்ற சிகிச்சைப் பால், 100 மில்லியில் 75 கலோரி, இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, இரவிலும். இரவு விட்டுப்போனால் விடியலில் சர்க்கரை இறங்கிக் கிடக்கும், உடம்பு சில்லிட்டிருக்கும். இன்னொன்று, எங்கே போனாலும் இதைச் சொல்வேன்: முதல் நாட்களில் இரும்புச்சத்து வேண்டாம், அதிர்ச்சி நிலை (ரத்த ஓட்டம் சரியும் 'ஷாக்') இல்லாமல் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: ரத்தம் குறைவாக இருக்கிறது, இரும்பு டானிக் ஆரம்பிக்கலாமா?

பதில்: மேலே இரண்டு வரி படியுங்கள். பசி திரும்பி எடை ஏறத் தொடங்கியபின்.

கேள்வி (ஒரு டாக்டர்): குழு, கூட்டுப்பணி எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. குழந்தைக்கு ஏதாவது ஆனால் என்னைத்தானே கேட்பார்கள்?

பதில்: கேட்பார்கள். ஆனால் இரவு இரண்டு மணிப் பாலை நீங்கள் கொடுக்கப்போவதில்லை.

(இடையில் ஒரு வார்டு நர்ஸ்: சார், இரவில் முப்பது குழந்தைக்கு நான் ஒருத்தி. கூட்டத்தில் முடிவெடுக்கிறீர்கள், இரண்டு மணிக்கு யாரும் இருப்பதில்லை.)

(டாக்டர்: அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆள் போடாமல் குழு என்றால் வேலை நர்ஸ் தலையில்தான் விழும்.)

பதில்: இருவரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு சண்டை போடுகிறீர்கள். 1978-இல் அல்மா-ஆட்டா நகரில் நடந்த ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாட்டின் பிரகடனமே டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே குழுவாக இயங்க வேண்டும் என்றது; ஆள் எங்கே என்ற நர்ஸின் கேள்வி நியாயம்தான், என்னிடம் அதற்கு விடை இல்லை. நாங்கள் செய்தது சின்ன விஷயம்: கட்டிலில் ஒரு தாள், எட்டு வட்டம். எவ்வளவு பால் என்று டாக்டர் எழுதுவார், நான் கலந்து வைப்பேன், நர்ஸ் கொடுப்பார், குடித்த அளவுக்கு வட்டத்தை அம்மா நிழலடிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அரை வட்டம் தெரியும். காலை ரவுண்ட்ஸில் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்போம். 'வெறும் வயிறு' என்று எழுதுபவரே முடியும் நேரத்தையும் எழுத வேண்டும். மூன்றாம் வாரம் ஒரு அம்மா எங்களை எழுப்பிவிட்டார்: "ரெண்டு மணி வட்டம் காலியா இருக்கு."

கேள்வி: எடை கூட...

பதில்: டானிக் இல்லை.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆனால் சிகிச்சை முடிந்ததா?

பதில்: இல்லை. பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கினால் வீட்டுக்கு அனுப்பலாம். கை சுற்றளவு 12.5-ஐத் தொட்டு, வீக்கமில்லாமல் இரண்டு வாரம் நிலைத்தால்தான் முடிந்தது. இடைப்பட்ட வாரங்கள் மேலே கேட்ட நாடா நர்ஸின் கையில். டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி எடை, கை அளவு, அடுத்து வரவேண்டிய தேதி இருக்கட்டும். அன்றே அந்த நர்ஸுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.