டிசம்பர் குக்கீயும் இருபது விருந்தினரும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஒகையோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே எங்களுக்கு ஒரு தமிழ்ப் பெண்கள் குழு உண்டு. கொலு, பொங்கல், வருஷத்துக்கு ஒரு பிக்னிக், அவ்வளவுதான் எங்கள் வட்டம். இந்த டிசம்பரில் வேறு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தது. பக்கத்தில் ஒரு டே புரோகிராம் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை) உள்ள பெரியவர்கள் பகலில் வந்துபோகும் இடம். அங்கிருந்து இருபது பேரை நூலகக் கூடத்துக்கு அழைத்து, கிறிஸ்துமஸ் குக்கீ அலங்கரிக்கும் நிகழ்ச்சி வைக்க நினைக்கிறோம். சிலருக்கு இருபத்து மூன்று வயது, சிலர் அறுபதைத் தாண்டியவர்கள்.

குழுவில் ஆளுக்கொரு பேச்சு. "பாவம், அவங்களால முடியாது, நாமே அலங்கரிச்சுப் பெட்டியில போட்டுக் குடுத்துடலாம்" என்கிறார் ஒருவர். "இவ்வளவு சர்க்கரை ஆகுமா?" என்று ஒருவருக்குப் பயம். "இங்க கவர்ன்மென்டே எல்லாம் செய்யுதே, நாம எதுக்கு?" என்கிறார் இன்னொருவர். நீங்கள் பல வருஷமாக இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் போவதை எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் சொல்லுங்களேன்.

அன்புடன்,
எஸ்.

---

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. அரசாங்கம் செய்கிறது, உண்மைதான். உங்கள் ஒகையோவில் 88 கவுண்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இதற்கென்றே தனி அரசு போர்டு இருக்கிறது. மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணத்தில் டே புரோகிராம், வண்டி, வீட்டில் உதவிக்கு ஆள் எல்லாம் கிடைக்கும். ஆனால் இவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருபத்தோரு வயதோடு முடிந்துவிடுகிறது. கூடப் படித்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் அதோடு போய்விடுகிறார்கள். அதற்கப்புறம் ஒருவரைச் சுற்றி இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். அம்மா, அப்பா, சம்பளத்துக்கு வரும் உதவியாளர், டிரைவர். சம்பளமும் வாங்காமல், சொந்தமாகவும் இல்லாமல், சும்மா பேச வருகிறவர் எத்தனை பேர்? அந்த இடத்தை கவுண்டி போர்டால் நிரப்ப முடியாது.

உங்கள் விருந்தினரில் அறுபதைத் தாண்டியவர்கள் பள்ளி வயதில் இருந்த நாட்களில், இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கமாட்டோம் என்று அமெரிக்காவின் பள்ளிகள் சொல்லிவிட முடிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி தந்தாக வேண்டும் என்ற மத்தியச் சட்டம் 1975இல்தான் வந்தது. அதுவரை பல பெற்றோருக்கு டாக்டர் சொன்ன ஒரே யோசனை, ஊருக்கு வெளியே ஒரு பெரிய கட்டடத்தில் விட்டுவிடுங்கள் என்பதுதான். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்று ஒன்று இருந்தது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று 1972இல் தொலைக்காட்சி காட்டியபோது நாடே அதிர்ந்தது. அப்படியும் அதை முழுதாக மூட 1987 ஆயிற்று. ஜார்ஜியா மாநிலத்தில் லோயிஸ் கர்டிஸ், எலேன் வில்சன் என்ற இரண்டு பெண்கள், நாங்கள் ஊருக்குள் வாழ முடியும், எங்களை ஏன் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று தொடுத்த வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊருக்குள் வீடு கிடைக்க அந்தத் தீர்ப்பு வழி செய்தது. அக்கம்பக்கம் வந்து பேசுவது ஊரில் இருக்கிறவர்கள் செய்யவேண்டியது. அதனால்தான் நூலகத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றதும் எனக்குப் பிடித்தது. அவர்கள் இடத்துக்கே தட்டைத் தூக்கிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து, நாமே செய்து கொடுத்துவிடலாம் என்கிற யோசனை. தயவுசெய்து வேண்டாம். கல்யாண வீட்டில் விருந்தாளிக்கு ஊட்டிவிடுவோமா? போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு நட்சத்திரக் குக்கீயை எடுத்தார். பச்சை ஐசிங்கை ஓரம் தொட்டு ஓரம் வரை தடவினார், அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. அப்புறம் சிவப்பு ஸ்பிரிங்கிள்ஸை (மேலே தூவும் சர்க்கரை மணிகள்) ஒவ்வொன்றாக விரல் நுனியில் எடுத்து, நடுவில் மட்டும் குவித்துக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் அதே குக்கீ. எதிரே நின்ற இளம் தன்னார்வலருக்குக் கை பரபரத்தது. "நான் கொஞ்சம் பரப்பிவிடட்டுமா?" என்று ஸ்பூனை நீட்டிவிட்டார். அம்மாள் தட்டை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அதே மேசையில் ஒருவர் குக்கீயைத் தொடவே இல்லை, கிண்ணத்தில் கலந்து கிடந்த ஸ்பிரிங்கிள்ஸை நிறவாரியாகப் பிரித்து வைத்தார். அதுவும் நிகழ்ச்சியில் கலந்துகொண்டதுதான்.

ஆகவே உங்கள் குழுவுக்கு நான் சொல்வது: நிற்காதீர்கள், உட்காருங்கள். ஆளுக்கொரு குக்கீயை எடுத்து நீங்களும் அலங்கரியுங்கள். இருபது விருந்தினருக்கு முப்பது தன்னார்வலர் வேண்டாம், பத்துப் பேர் போதும். உதவி வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள், பின்னால் நிற்கும் உதவியாளரிடம் அல்ல. பதில் வர நேரமாகும், பொறுங்கள். சிலர் டேப்லெட்டில் படத்தைத் தொட்டுப் பேசுவார்கள், அவர் தொட்டு முடிக்கும்முன் வாக்கியத்தை நீங்கள் முடிக்கக்கூடாது. பிடித்துத்தான் உதவவேண்டும் என்றால் அவர் கைக்கு மேல் உங்கள் கையை வைத்து நடத்தாமல், கீழே தாங்கிக்கொள்ளுங்கள். அப்போது வேண்டாமென்றால் அவர் கையை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், இவர்கள் பெரியவர்கள். அறுபது வயது மனிதரை சான்டா மடியில் உட்காரவைத்துப் படமெடுக்கிற கூத்தை நான் பார்த்திருக்கிறேன். வண்ணம் தீட்டும் புத்தகம், கரடி பொம்மை எல்லாம் பரிசாக வேண்டாம். படம் எடுக்கும்முன் அவரைக் கேளுங்கள், சட்டப்படி கார்டியன் இருந்தால் அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வாட்ஸப் குழுவுக்கும் இது பொருந்தும்.

சர்க்கரைப் பயம். நீரிழிவு இருப்பது தெரிந்தும் ஒரு குக்கீ தின்பது அவர் முடிவு, நம் வீட்டுப் பெரியவர்கள் தீபாவளிக்குச் செய்வதைத்தான் அவரும் செய்கிறார். நீங்கள் பயப்படவேண்டியது வேறு இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, விழுங்குவதில் சிரமம். செரிப்ரல் பால்சி உள்ள சிலருக்கு மசித்த உணவுதான் தரவேண்டும் என்று எழுதியே வைத்திருப்பார்கள், காய்ந்த குக்கீ தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர் குக்கீயை அலங்கரித்து யாருக்காவது கொடுக்கட்டும், அவருக்குப் புட்டிங் வையுங்கள். இன்னொன்று பிராடர்-வில்லி என்ற பிறவிக் குறைபாடு. அது உள்ளவருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. நடுமேசையில் குக்கீயை மலையாகக் குவித்து வைத்தால் அவருக்கு அந்த மதியம் முழுக்கச் சித்திரவதை. எல்லாருக்குமே இரண்டு குக்கீ, தனித்தட்டு என்று வைத்துவிட்டால் யாரையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. இப்படி யாராவது வருகிறார்களா என்று டே புரோகிராம் மேனேஜரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெயர் வேண்டாம், எத்தனை பேருக்கு என்ன ஆகாது என்று தெரிந்தால் போதும்.

வீட்டில் சுட்ட குக்கீயைப் பல இடங்களில் ஏற்பதில்லை, லேபிள் ஒட்டிய கடைக் குக்கீதான் கேட்பார்கள். நம் வீட்டுச் சமையலறையில் எள்ளும் முந்திரியும் எங்கே படும் என்று நமக்கே தெரியாது. 2023இலிருந்து எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் போடவேண்டும் என்று இங்கே சட்டம். ராயல் ஐசிங் என்ற, காய்ந்தால் கெட்டியாகும் சர்க்கரைப் பூச்சுக்கு வாங்கும் மெரிங் பவுடர் உலர்த்திய முட்டை வெள்ளைக்கரு, முட்டை ஆகாதவர்களுக்கு அது ஆகாது. எப்படியும் அது காய ஒரு ராத்திரி வேண்டும், ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்குச் சரிப்படாது. ஐசிங் சுகரில் கொஞ்சம் பால் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, சின்னச் சின்னக் கப்பில் ஊற்றி வையுங்கள். பைப்பிங் பையை அழுத்த விரலில் பலம் வேண்டும், பலருக்கு அது கஷ்டம். அமுக்குகிற பிளாஸ்டிக் பாட்டில், அல்லது பிடியில் ஸ்பாஞ்சுக் குழாய் செருகிய வெண்ணெய்க் கத்தி நன்றாக வேலை செய்யும். தட்டுக்கு அடியில் வழுக்காத பாய் ஒன்று. வெள்ளி உருண்டை அலங்காரத்தை வாங்கவே வாங்காதீர்கள், அமெரிக்க உணவுத்துறை அதை உணவாகவே கணக்கில் எடுப்பதில்லை, பல்லும் உடையும்.

வீல்சேர் நுழைய மேசைக்கடியில் தரையிலிருந்து 27 அங்குலம் காலியாக இருக்கவேண்டும். குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சில இடங்களில் நாற்காலியே போடாமல் விடுங்கள், ஒருவர் வந்து நிற்கும்போது நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடவேண்டாம். பலூன் கூடாது. வெடித்தால் சத்தம், அதோடு ஸ்பைனா பைஃபிடா (முதுகெலும்பு சரியாக மூடாத பிறவிக் குறைபாடு) உள்ளவர்களில் பலருக்கு லேட்டக்ஸ் ரப்பர் ஆகாது. கையுறையும் லேட்டக்ஸ் இல்லாத நைட்ரைலாக வாங்குங்கள். பாட்டைச் சின்னதாக வையுங்கள். பக்கத்தில் பாட்டே இல்லாத ஓர் அறை இருந்தால், சத்தம் தாங்காதவர் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். எல்லாரும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களாகவும் இருக்கமாட்டார்கள், பனிச்செதில் (ஸ்னோஃப்ளேக்), கையுறை வடிவத்தில் குக்கீயும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி நேரத்தைக் கேட்டுவிட்டு நிகழ்ச்சி நேரம் வையுங்கள். இரண்டரைக்கு வண்டி என்றால் இரண்டு மணிக்குக் கை கழுவ ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும். ஐசிங் காயாத குக்கீயை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள், தட்டையான பெட்டி வாங்குங்கள், மேலே பெயர் எழுதுங்கள். பெயரை அவர்களையே எழுதச் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் இவர்களுக்கு அழைப்புக்குக் குறைவில்லை, ஜனவரியிலிருந்து யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. உங்கள் பொங்கல் விழாவுக்கு இதே இருபது பேரையும் கூப்பிடுங்களேன். கோலப்பொடிக்கும் இதே கைகள்தான் வேண்டும். சர்க்கரைப் பொங்கலில் முந்திரியை மட்டும் தனியே வறுத்து வைத்து, கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா