ஒரு படம் போதாது: சிலாஜிசம் (கூற்றுகளிலிருந்து முடிவு வருமா என்று பார்க்கும் கணக்கு) கேள்வி-பதில்

கே: எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள். சில புத்தகங்கள் பைகள். ஆகவே சில பேனாக்கள் பைகள். வட்டங்களால் வரைந்த என் வெண்படத்தில் சரியாகத்தான் வருகிறது. விடைக்குறிப்பு தவறு என்கிறதே?

ப: வராமல் என்ன செய்யும்? பை வட்டத்தைப் பேனா வட்டத்தின் மேல் ஏற்றியது நீங்கள்தானே! கூற்றில் அது இல்லை. பையைப் புத்தகத்தின் மறுகோடியில், பேனாவைத் தொடாமல் வரையுங்கள். இரண்டு கூற்றுகளும் நிற்கும், முடிவு விழும். வரைய முடிகிற எல்லாப் படங்களிலும் நின்றால்தான் அது முடிவு. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தச் சந்தேகம்தான். ‘பத்து நொடி ஷார்ட்கட்’ வீடியோக்காரர்கள் ஒரே படத்தைப் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்கு ஓடிவிடுகிறார்கள். முடிவுக்கு ஒத்துவரும் படத்தைத் தேடாதீர்கள், அதை உடைக்கும் படத்தைத் தேடுங்கள். ஒன்று கிடைத்தால் போதும். ‘சில பேனாக்கள் பைகளாக இருக்க வாய்ப்புண்டு’ என்று கேட்டிருந்தால் மட்டும் உங்கள் படமே போதும். சாத்தியக் கேள்விக்கு ஒரு படம் நின்றாலே சரி.

கே: எல்லா மேசைகளும் குதிரைகள் என்கிறார்கள். எப்படி ஏற்பது?

ப: ஏற்றுக்கொள்ளுங்கள். மார்க் கொடுப்பது குதிரைக்கு அல்ல.

கே: ‘சில விலங்குகள் மனிதர்கள் அல்ல’ என்பதைத் திருப்பிப் போடலாமா?

ப: போட்டால் ‘சில மனிதர்கள் விலங்குகள் அல்ல’ என்று வரும். கூடாது. ‘எந்த’ வகை மறுப்பு (‘எந்தப் பேனாவும் பை அல்ல’) இருபக்கமும் திரும்பும், ‘சில அல்ல’ திரும்பாது.

கே: ‘ஒரு சில ஆப்பிள்கள் மட்டுமே பழங்கள்’ என்றால்? எல்லா ஆப்பிள்களும் பழங்களாக வாய்ப்புண்டு என்று எழுதினேன்.

ப: இரண்டு கூற்று. சில ஆப்பிள்கள் பழங்கள், சில ஆப்பிள்கள் பழங்கள் அல்ல. எனவே எல்லா ஆப்பிள்களும் பழங்களாக வாய்ப்பில்லை. எல்லாப் பழங்களும் ஆப்பிள்களாக வாய்ப்புண்டு. ‘மட்டுமே’ கண்ணில் படாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று உங்கள் விடையே சொல்கிறது.

கே: மேற்கண்ட கணக்கின் விடை என்ன?

ப: உங்கள் கடிதத்தில் மேலே கணக்கே இல்லை. கூற்றுகளை எழுதி அனுப்புங்கள்.

கே: எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

ப: வங்கி அதிகாரி (பிஓ) முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 20 நிமிடம். ஒன்றுக்கு அரை நிமிடம் என்று வையுங்கள். ஊகித்துக் குறிக்காதீர்கள்; நாலு தவறு ஒரு சரியான விடையின் மார்க்கைத் தின்றுவிடும்.

கே: ‘இரண்டு முடிவுகளில் ஏதோ ஒன்று சரி’ என்ற விடை எப்போது?

ப: தனித்தனியே இரண்டும் உறுதியாகாமல், அதே இரு பெயர்கள் அதே வரிசையில் வந்து, ‘சில’வும் ‘எந்த’வும் அல்லது ‘எல்லா’வும் ‘சில அல்ல’வும் ஜோடி சேரும்போது. அங்கும் ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள்.