அடைக்கலமாக வந்த கட்டுரை

கேட்டதும் சொன்னதும் – வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடுவது, மதிப்பிடுவது பற்றியவை. நாகர்கோவிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைக் காரணத்தோடுதான் விட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, குளத்துப் பாசிகள் பற்றிய என் முதல் கட்டுரை தயாராகிவிட்டது. என் பெயரோடும் கைடு பெயரோடும், துறைத்தலைவர் பெயரையும், பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் இன்னொரு பேராசிரியர் பெயரையும் சேர்க்கும்படி கைடு சொல்கிறார். அவர்கள் இருவரும் கட்டுரையைப் படித்ததுகூட இல்லை. மறுத்தால் பட்டம் தள்ளிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.
– முனைவர் பட்ட மாணவி, தக்கலை

பதில்: உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்; கையெழுத்துப் போட வேண்டியவரிடமே மறுப்புச் சொல்வது எளிய காரியமன்று. ஆனால் விதி தெளிவாக இருக்கிறது. 1978-இல் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் குழு வளர்த்தெடுத்து, இன்று வேறு பல துறைகளும் பின்பற்றுகிற வரையறையின்படி, கட்டுரையாசிரியர் எனப்படுபவர் நான்கு நிபந்தனைகளையும் நிறைவேற்றியிருக்க வேண்டும்: ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவைத் திரட்டியதிலோ அதைப் பகுத்துப் பார்த்ததிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும்; கட்டுரையை எழுதியதிலோ அறிவுபூர்வமாகத் திருத்தியதிலோ பங்கு இருக்க வேண்டும்; அச்சுக்குப் போகும் வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும்; எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். கட்டுரையைப் படிக்காதவர் இதில் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறார்.

நான்காவது நிபந்தனை எவ்வளவு கனமானது என்பதை 2020 மே மாதம் 'தி லான்செட்' மருத்துவ இதழில், கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து தருவது பற்றி வந்த கட்டுரை காட்டியது. ஒரு தனியார் நிறுவனம் தந்த மருத்துவமனைத் தரவை நம்பி எழுதப்பட்ட அந்தக் கட்டுரையின் நான்கு ஆசிரியர்களில் மூவர், மூலத்தரவைச் சரிபார்க்கத் தங்களுக்கு வழியில்லை என்று சொல்லி, வெளியான இரண்டே வாரத்தில் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. உலகமே மருந்துக்கு ஏங்கிக்கொண்டிருந்த நாட்களில் அதை நம்பிச் சில மருந்துச் சோதனைகளையே நிறுத்தி வைத்திருந்தார்கள். நிலப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் எல்லைக்கல்லைப் பார்த்திருக்க வேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உரை எனக்குத் தெரியாது.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. பல ஆய்விதழ்கள் ஒவ்வோர் ஆசிரியரும் என்ன செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகளைக் கொண்ட படிவத்தை நிரப்பச் சொல்கின்றன. அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய், "இந்த இருவருக்கும் நேராக எதை எழுதட்டும் ஐயா?" என்று பணிவாகக் கேளுங்கள். மறுப்பதைவிடக் கேட்பது எளிது. கட்டம் காலியாக இருப்பதை அவரே பார்த்துவிடுவார். துறைத்தலைவர் ஆய்வகத்தையும் நுண்ணோக்கியையும் தந்திருந்தால் அதற்குரிய இடம் நன்றியுரை. அடுத்த கட்டுரைக்கு, வேலை தொடங்கும் நாளிலேயே யார் யார் பெயர், எந்த வரிசையில் என்று பேசி, மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: மார்கழிக் குளிரில் குளத்தில் இறங்கிப் புட்டியில் நீர் பிடித்துத் தந்தவர் யார்? அவர் பெயர் எங்காவது இருக்கிறதா?

கேள்வி: மூன்று நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் 3,500 ரூபாய் என்று வாரந்தோறும் மின்னஞ்சல் வருகிறது. முன்பு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் 'கேர்' பட்டியலைப் பார்த்துக்கொள்வோம். இப்போது அதுவும் இல்லை. பணம் வாங்கும் இதழ்கள் எல்லாமே போலியா?
– கல்லூரி ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: பணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரையைத் திறந்து வைக்கிற ('திறந்த அணுக்க') நல்ல இதழ்கள் பல, அதற்கான செலவை எழுதியவரிடமோ அவருடைய நிறுவனத்திடமோ பெறுகின்றன. தொகையை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்கின்றன. கட்டணத்துக்கும் ஏற்பு முடிவுக்கும் தொடர்பில்லாமல் பார்த்துக்கொள்கின்றன. போலி இதழ் விற்பது அந்த ஏற்பு முடிவைத்தான். தாவரவியல்காரனான எனக்கே கண் அறுவைச் சிகிச்சை பற்றி எழுதும்படி "பெருமதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று அழைப்பு வந்திருக்கிறது. நானும் ஒரு நிமிடம் மகிழ்ந்துதான் போனேன்.

அமெரிக்க இதழாளர் ஜான் போஹனன், வேண்டுமென்றே பிழைகளை வைத்துப் புனைந்த ஒரு கட்டுரையின் பல வடிவங்களை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்ததை 2013-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நம் நாட்டிலும் 2018 மே மாதம் யுஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அறிவிப்பில் நீக்கியது. அதன் பின் வந்த கேர் பட்டியலையும் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்து, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆசிரியர்களிடமும் நிறுவனங்களிடமும் விட்டுவிட்டது. பட்டியல் இருந்தபோதும் அது நம் சிந்தனைக்கு மாற்றாக இருந்ததே தவிர, துணையாக இருந்ததில்லை என்பது என் எண்ணம்.

ஐஎஸ்எஸ்என் எண்ணைத் தரச்சான்று என்று நினைக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெறும் அடையாள எண், வண்டிக்குப் பதிவெண் போல. ஆசிரியர் குழுவில் உள்ள இருவருக்கு நேரடியாக எழுதி, அவர்கள் அந்த இதழில் இருப்பது அவர்களுக்கே தெரியுமா என்று கேளுங்கள். கடந்த இரண்டு ஆண்டு இதழ்களில் உங்கள் துறைக் கட்டுரை மூன்றையாவது முழுதாகப் படியுங்கள். புகழ்பெற்ற இதழின் பெயரையும் முகப்பையும் அப்படியே நகலெடுத்த இணையதளங்களும் உலவுவதால், முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவித்து அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். கட்டுரையை விடுவிக்கவும் பணம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பினீர்கள் என்ற பழி பின்னால் வந்தால் அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்குச் சாட்சி.

கேள்வி: 10 சதவீதம் வரை காப்பியடிக்க யுஜிசி அனுமதிக்கிறது என்கிறார்களே?
– முதுகலை மாணவர், கருங்கல்

பதில்: இல்லை. 2018 விதிமுறைகள் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. 60-க்கு மேல் போனால் அந்தப் படிப்புக்கான மாணவரின் பதிவே ரத்தாகும். மென்பொருள் எண்ணுவது சொற்களின் ஒற்றுமையை மட்டுமே. பிறர் கருத்தைச் சொல் மாற்றி உங்கள் கருத்தாக எழுதினால் அது பூஜ்யம் காட்டும். திருட்டு திருட்டாகவே இருக்கும்.

கேள்வி: ஓர் ஆய்விதழ் எனக்குக் கட்டுரையொன்றை மதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. நானும் என் மாணவரும் செய்துகொண்டிருக்கும் வேலையும் ஏறக்குறைய அதுவே. ஏற்கலாமா? மாணவர் கற்றுக்கொள்ளட்டும் என்று அவரிடம் காட்டலாமா? சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்கலாமா?
– உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்

பதில்: மூன்றுக்கும் முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், கழிமுகத் தாவரங்கள் பற்றிய கட்டுரையொன்று என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. அப்போது நானும் என் மாணவரும் மணக்குடிக் காயலில் அலையாத்திச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். கட்டுரை நன்றாகவே இருந்தது. அதிலிருந்து ஒரு வரியையும் நான் எடுக்கவில்லை. ஆனால் ஓணம் விடுமுறை முடியட்டும் என்றேன், பருவத் தேர்வு முடியட்டும் என்றேன். பழுப்பு உறை மேசை இழுப்பறையில் நான்கு மாதம் கிடந்தது. அதற்குள் எங்கள் கட்டுரை வேறோர் இதழுக்குப் போய்விட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. மதிப்பீட்டாளரின் பெயர் எழுதியவருக்குத் தெரியாது என்பதால் கேட்கவும் வழியில்லை. நான் திருடவில்லை என்று எனக்கு நானே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறருடைய நாட்களை எடுத்துக்கொண்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அச்சேறாத கட்டுரை அடைக்கலப் பொருள். எழுதியவர் அதைப் பதிப்பாசிரியரை நம்பி ஒப்படைக்கிறார், அவர் உங்களை நம்பி ஒப்படைக்கிறார். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு: முழுக் கட்டுரையையும் திறக்குமுன், அழைப்பில் உள்ள சுருக்கத்தைப் பார்த்த அளவிலேயே, "இதே பொருளில் நானும் வேலை செய்கிறேன்" என்று பதிப்பாசிரியருக்கு எழுதுங்கள். முடிவு அவருடையது. பெரும்பாலும் வேறொருவரைத் தேடுவார். துறையில் ஆள் குறைவென்றால் தெரிந்தே உங்களைக் கேட்பார், அப்போது ஏற்கலாம். மறுப்பதென்றால் இரண்டே நாளில் மறுத்துவிடுங்கள், என்னைப் போல இழுப்பறையில் வைக்காதீர்கள்.

மாணவரிடம் காட்டுவதற்குப் பதிப்பாசிரியரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால், மாணவரின் பெயரையும் மதிப்பீட்டோடு தெரிவியுங்கள். மாணவர் எழுதிய மதிப்பீட்டைத் தம்முடையதாக அனுப்பும் பழக்கம் நம் துறைகளில் உண்டு, அதுவும் ஒருவகைத் திருட்டே. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றுவது, அடைக்கலப் பொருளைக் கொண்டுபோய்ச் சந்தையில் வைப்பது. ஏற்றிய பின் அது எங்கே சேமிக்கப்படுகிறது என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2023 ஜூனிலேயே தம் நிதி விண்ணப்ப மதிப்பீட்டில் இதற்குத் தடை விதித்தன.

மதிப்பீடு கட்டுரையைப் பற்றி இருக்க வேண்டும், எழுதியவரைப் பற்றியன்று. 1936-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று வாதிட்டு 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜான் டேட் அதை வேறொருவரிடம் காட்டி, பிழைகளைச் சுட்டும் நீண்ட மதிப்பீட்டைப் பெற்று அனுப்பினார். அச்சேறுமுன் நிபுணர்களிடம் காட்ட நாங்கள் அனுமதி தரவில்லையே என்று சினந்து ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மதிப்பிட்ட ஹோவர்ட் ராபர்ட்சன் பின்னர் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனின் உதவியாளரோடு பேசும்போது, தாம்தான் அந்த மதிப்பீட்டாளர் என்று காட்டிக்கொள்ளாமலே பிழையை விளக்கினார். கட்டுரை முடிவு மாற்றப்பட்டு வேறோர் இதழில் வெளிவந்தது. ஐன்ஸ்டைன் என்பதற்காக விட்டுக்கொடுக்கவுமில்லை, ஐன்ஸ்டைனையே திருத்தினேன் என்று பறைசாற்றவுமில்லை. எனக்கு ராபர்ட்சனைப் பிடித்துப்போனது அதனால்தான்.

கேள்வி: என் அப்பா பேச்சிப்பாறை மலையில் மருந்துச் செடிகள் அறிந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் வந்தவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார். அவர்கள் எழுதிய கட்டுரையில் செடிகள் இருக்கின்றன, அப்பா இல்லை. இது முறையா?
– வாசகர், குலசேகரம்

பதில்: முறையன்று. உங்கள் மலைக்கு அப்பால் நடந்ததையே பாருங்கள். 1987-இல் அகத்திய மலையில் அறிவியலாளர்களோடு வழிகாட்டியாக நடந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் களைக்காமல் நடந்ததையும், இடையிடையே ஏதோ ஒரு காயை மென்றதையும் கண்டு விசாரித்தபோது, தயங்கித் தயங்கி ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமப் பங்குக்கும் உரிமம் தந்து, வருவாயில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியது. அதற்கான அறக்கட்டளை 1997-இல் பதிவானது. காணி மூத்தோர் சிலர் தங்கள் அறிவு வெளியே போனதையே எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறைகள் இருந்தாலும், சொன்னவர் யார் என்று கேட்கப்பட்டது.

கட்டுரையின் முதற்பக்கத்தில் தொடர்பு ஆசிரியரின் முகவரி இருக்கும். முதலில் அவருக்கு எழுதுங்கள்: அப்பாவிடம் ஒப்புதல் பெறப்பட்டதா, எந்த மொழியில் விளக்கப்பட்டது, பெயர் ஏன் இல்லை? பதில் வராவிட்டால் அதே கடிதத்தை இதழின் பதிப்பாசிரியருக்கு அனுப்புங்கள். வெளியீட்டு நெறி பற்றி 1997-இல் பிரிட்டனில் தொடங்கிய 'கோப்' குழுவில் அந்த இதழ் உறுப்பினராக இருந்தால் புகாரை விசாரித்தே ஆக வேண்டும். திருத்தக் குறிப்பு வெளியிட்டு அப்பாவின் பெயரைச் சேர்க்க முடியும். சொல்லிவிட்ட செடியைத் திரும்ப மறைக்க மட்டும் முடியாது. இனி யாராவது குறிப்பேட்டோடு மலையேறி வந்தால், முதலில் அவர்கள் கொண்டுவந்த ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளிவந்த என் கட்டுரையின் அட்டவணையில் ஒரு பிழையை நானே கண்டேன். நண்பர்கள் பேசாமல் இருக்கச் சொல்கிறார்கள்.
– ஆய்வாளர், கன்னியாகுமரி

பதில்: 2018-இல் வேதியியல் நோபல் பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்டு, 2020 ஜனவரியில் தம் குழுவின் 'சயின்ஸ்' கட்டுரையைத் திரும்பப் பெற்றார். முடிவுகளை மீண்டும் பெற முடியவில்லை, ஆய்வகக் குறிப்பேட்டில் சில பதிவுகளும் மூலத்தரவும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, வேலைப்பளுவில் தாம் சரிவரக் கவனிக்கவில்லை என்று மன்னிப்பும் கேட்டார். உங்கள் பிழை முடிவை மாற்றாது என்றால் திருத்தக் குறிப்பே போதும்; மாற்றும் என்றால் திரும்பப் பெறுவதே வழி. எதுவென்று முடிவு செய்யுமுன் உடன் எழுதியவர்களுக்குத் தெரிவித்துவிட்டு, பழைய அட்டவணையையும் சரியான அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிப்பாசிரியருக்கு அனுப்புங்கள். கடிதம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். விளக்கத்தை அவர் கேட்பார்.