மூன்று மாத ஒப்பந்தம், பத்து சதவீதப் பிடித்தம்: வரித் தாக்கலில் எங்கே காட்டுவது?

குறுகிய கால ஒப்பந்த வேலை பற்றிய கேள்விகள்தான் இந்த முறை அதிகம். பதில்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்தாலும், 2026 மார்ச் 31 வரை சம்பாதித்த பணத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். அதனால் பழைய பிரிவு எண்களையே தந்திருக்கிறேன்.

ஐயா, ஒரு நிறுவனத்துக்கு ஐந்து மாதம் ஒப்பந்தத்தில் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 8 லட்சம் ரூபாய். 10% டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். வரிதான் போய்விட்டதே, நான் வேறு தாக்கல் செய்ய வேண்டுமா? வேறு வருமானம் எதுவும் இல்லை.
கோயம்புத்தூர் வாசகர்

கண்டிப்பாகச் செய்ய வேண்டும். செய்தால் உங்களுக்குத்தான் லாபம். டிடிஎஸ் என்பது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்படும் தொகை மட்டுமே. உங்கள் வரி எவ்வளவு என்பது, தாக்கலில் கணக்குப் போட்ட பிறகுதான் தெரியும்.

மென்பொருள் வேலை பிரிவு 44ஏடிஏ-வில் வரும் தொழில். அந்தப் பிரிவின்படி, கிடைத்த தொகையில் பாதியை வருமானமாகக் காட்டலாம். செலவுக் கணக்கு கேட்க மாட்டார்கள். உங்கள் வருமானம் 4 லட்சம் ஆகிறது. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ஆக, பிடித்த 80,000 ரூபாயும் முழுசாகத் திரும்பி வரும். தாக்கல் செய்யாவிட்டால் வராது.

இன்னொன்று. ஆண்டில் மொத்த டிடிஎஸ் 25,000 ரூபாயை எட்டிவிட்டால், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் தாக்கல் கட்டாயம். 60 வயது ஆனவர்களுக்கு இது 50,000 ரூபாய்.

அக்டோபர் வரை ஒரு ஐடி கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தேன். அப்புறம் வேறொரு கம்பெனியில் ‘கன்சல்டன்ட்’ என்று மூன்று மாத ஒப்பந்தம். ஒருவர் படிவம் 16 கொடுத்தார்கள், இன்னொருவர் 16ஏ கொடுத்தார்கள். இரண்டையும் கூட்டி சம்பளம் என்றே போட்டுவிடலாமா?
பெங்களூரு வாசகி

போடாதீர்கள். இந்த ஒரு தவறால் வரியை அநியாயத்துக்குக் கூடுதலாகக் கட்டியவர்கள் நிறையப் பேர். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டுமே டிடிஎஸ் பிடித்ததற்கான சான்றிதழ்கள்தான். படிவம் 16 வந்தால் அந்த நிறுவனம் உங்களை ஊழியராக நடத்தியிருக்கிறது. 16ஏ-வில் 194ஜே (தொழில்முறைக் கட்டணத்துக்கு டிடிஎஸ் பிடிக்கும் பிரிவு) என்று இருந்தால், நீங்கள் சுயமாகத் தொழில் செய்பவர் என்று வைத்துப் பணம் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இதுவே சரியாக இருக்கும். ஆனாலும் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். தினமும் இத்தனை மணிக்கு வர வேண்டும், விடுப்புக்கு அனுமதி வாங்க வேண்டும், வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது, பி.எஃப். உண்டு என்றெல்லாம் இருந்தால், பெயர் கன்சல்டன்ட் ஆனாலும் அது சம்பளத்துக்கு நெருக்கமான உறவு. வேலையை முடித்துக் கொடுத்து, பில் போட்டுப் பணம் வாங்கினீர்கள் என்றால் அது தொழில் வருமானம்தான்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். சம்பளம் 9 லட்சம், ஒப்பந்தத்தில் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் சம்பளம் என்று போட்டால் 15 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 14,25,000. புதிய முறையில் வரி 93,750, செஸ் சேர்த்து 97,500 ரூபாய். சரியாகக் காட்டினால்? சம்பளத்தில் கழிவு போக 8,25,000. ஒப்பந்தத்தில் 44ஏடிஏ-படி 3 லட்சம். மொத்தம் 11,25,000. இது 12 லட்சத்துக்குள் இருப்பதால் பிரிவு 87ஏ தள்ளுபடி கிடைத்து, வரி பூஜ்யம்.

படிவத்தைப் பொறுத்தவரை, தொழில் வருமானம் வந்துவிட்டால் ஐடிஆர்-1 செல்லாது. 44ஏடிஏ எடுப்பவருக்கு ஐடிஆர்-4. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினாலோ, கம்பெனி இயக்குநராக இருந்தாலோ, வெளிநாட்டில் சொத்து இருந்தாலோ ஐடிஆர்-3-க்குப் போக வேண்டும். உங்களிடம் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்குகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஐடி துறையில் பலருக்கு இருக்கும், அதுவும் வெளிநாட்டுச் சொத்துதான்.

பழைய வரி முறைக்குப் போக நினைத்தால் ஒரு எச்சரிக்கை. சம்பளம் மட்டும் இருப்பவர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் இருப்பவர் பழைய முறைக்குப் போக, தாக்கலின் கடைசித் தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும். தொழில் வருமானம் இருக்கும்வரை, புதிய முறைக்குத் திரும்பி வர ஒரே ஒரு வாய்ப்புதான். மூன்று மாத ஒப்பந்தத்துக்காக அதைச் செலவழிக்க வேண்டுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

நான் மொழிபெயர்ப்பாளர். எனக்கும் அந்தப் ‘பாதி வருமானம்’ சலுகை உண்டா?
திருச்சி வாசகி

44ஏடிஏ எல்லாத் தொழிலுக்கும் கிடையாது. சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம், திரைப்படக் கலைஞர், கம்பெனி செயலர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மொழிபெயர்ப்பு அதில் இல்லை. எழுத்து வேலையும் டியூஷனும் இல்லை.

44ஏடி-யில் 6% காட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது வணிகத்துக்கான பிரிவு. தன் அறிவையும் திறமையையும் வைத்துச் செய்யும் வேலையை அதில் நுழைப்பது விவாதத்துக்கு இடமானது. 100 ரூபாய் வாங்கி 94 ரூபாய் செலவானது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐடிஆர்-3-இல் உண்மையான செலவுகளைக் கழித்துக் காட்டுங்கள்: இணையக் கட்டணம், அகராதிகள், மென்பொருள் சந்தா, கணினியின் தேய்மானம், வெளியாளுக்குக் கொடுத்த கூலி. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் இந்த வருமானம் 2.5 லட்சத்தையோ, மொத்த வரவு 25 லட்சத்தையோ தாண்டாதவரை கணக்குப் புத்தகம் கட்டாயமில்லை. அப்படிப்பட்டவர்கள் சுருக்கமாக நிரப்பவும் அந்தப் படிவத்தில் இடம் உண்டு. ஆனால் ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள்.

44ஏடிஏ எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டு வாங்கிய மடிக்கணினியையும் செலவாகக் கழிக்கலாமா?
சேலம் வாசகர்

முடியாது. அந்தப் பாதிக்குள் எல்லாச் செலவும், தேய்மானமும் அடக்கம். செலவு உண்மையிலேயே பாதியைத் தாண்டியது என்றால் கணக்கு எழுதி, குறைந்த வருமானத்தைக் காட்டலாம். ஆனால் மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் ஆடிட் செய்ய வேண்டியிருக்கும்.

மார்ச் 20 அன்று பில் அனுப்பினேன். கம்பெனி மார்ச்சிலேயே டிடிஎஸ் கட்டிவிட்டது. பணம் என் வங்கிக்கு வந்தது மே மாதம். இது எந்த ஆண்டு வருமானம்?
சென்னை வாசகர்

ஆண்டுக் கடைசியில் ஒப்பந்தம் முடியும் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. வரித்துறை கணினி பார்ப்பது எளிய விஷயம்: 26ஏஎஸ்-இல் (உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் வரித்துறைப் பட்டியல்) உங்கள் பெயரில் இவ்வளவு தொகை, நீங்கள் காட்டியது அதைவிடக் குறைவு. உடனே வித்தியாசம் என்று தகவல் அனுப்பிவிடும்.

சட்டம் இரண்டு வழி தருகிறது. பில் போட்ட ஆண்டிலேயே வருமானமாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது பணம் கைக்கு வந்த ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம். எதைப் பின்பற்றினாலும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே முறையாக இருக்க வேண்டும். இந்த ஆண்டு எது குறைவோ அது என்று மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

முதல் வழி என்றால் இப்போதே முழுத் தொகையையும் காட்டி, டிடிஎஸ்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி என்றால், வருமானம் அடுத்த ஆண்டுக்குப் போகும். டிடிஎஸ்ஸும் கூடவே போக வேண்டும். வருமானத்தை விட்டுவிட்டு டிடிஎஸ்ஸை மட்டும் இந்த ஆண்டில் கேட்கக் கூடாது. டிடிஎஸ் அட்டவணையில் ‘அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படும் தொகை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் போட வேண்டும். மறுவருடம் தாக்கல் செய்யும்போது அதைத் தேடி எடுத்துப் போடுவதும் உங்கள் பொறுப்பு. எங்காவது எழுதி வையுங்கள், பதினாறு மாதம் கழித்து ஞாபகம் இருக்காது.

என் யோசனை: ஓரிரு பில்தான் என்றால் பில் போட்ட ஆண்டிலேயே காட்டிவிடுங்கள். 26ஏஎஸ்ஸும் உங்கள் தாக்கலும் ஒத்துப்போகும், கடிதப் போக்குவரத்து மிச்சம்.

10% பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். ஆனால் 26ஏஎஸ்-இல் எதுவுமே இல்லை. கேட்டால் ‘பார்க்கிறோம்’ என்கிறார்கள். நான் அந்த வரியை மறுபடியும் கட்ட வேண்டுமா?
திருப்பூர் வாசகர்

இந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. உழைத்தவர் பணத்தைப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டாமல் இருப்பது சாதாரணத் தவறு கிடையாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிரிவு 205-இன்படி, உங்களிடமிருந்து பிடிக்கப்பட்ட அளவுக்கு வரியை உங்களிடமே நேரடியாக மறுபடி வசூலிக்க முடியாது. ஆனால் பிடித்தார்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். முழுத் தொகைக்கான பில், பிடித்தது போகக் குறைவாக வந்த வங்கி வரவு, ‘டிடிஎஸ் போக அனுப்பியுள்ளோம்’ என்ற மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

அதற்கு முன்னால் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியதால் வேறொருவர் கணக்கில் போய்ச் சேர்வது அடிக்கடி நடக்கும். கம்பெனி தன் டிடிஎஸ் கணக்குக்குத் திருத்தப் பட்டியல் தாக்கல் செய்தால் சரியாகிவிடும். தொலைபேசியில் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள்.

தாக்கலில் வருமானத்தை முழுத் தொகையாகக் காட்டுங்கள். 90,000 வங்கிக்கு வந்தது என்றால் வருமானம் 1,00,000தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். விடைத்தாள் திருத்தியதற்கு 14,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. டிடிஎஸ் பிடிக்கவில்லை. இதைக் காட்ட வேண்டுமா?
தஞ்சாவூர் வாசகி

காட்ட வேண்டும் அம்மா. டிடிஎஸ் பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. 194ஜே-வில் ஆண்டுக்கு 50,000 வரை பிடிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். எப்போதாவது வரும் இந்த மாதிரித் தொகையை ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் போடலாம். ஓய்வூதியத்தோடு சேர்த்து ஐடிஆர்-1 போதும்.

அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நான்கு மாதம் டேட்டா வேலை செய்தேன். டாலரில் வந்தது. இங்கே யாரும் எதுவும் பிடிக்கவில்லை.
மதுரை வாசகர்

இந்தியாவில் வசிப்பவருக்கு உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் வரி உண்டு. யாரும் பிடிக்காததால் நீங்களே முன்வரி கட்ட வேண்டும். ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டினால் இது பொருந்தும். 44ஏடிஏ எடுப்பவர்கள் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை. தவறினால் பெரும்பாலும் மாதத்துக்கு 1% வட்டி.

பணம் வந்ததற்கான வங்கிச் சான்றிதழை வாங்கி வையுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். ஏற்றுமதிச் சேவைக்கு ஜிஎஸ்டி பூஜ்யம்தான், ஆனாலும் அந்த வரம்பைக் கணக்கிடும்போது டாலர் வரவும் சேரும்.

2023-24-இல் ஒரு ஒப்பந்தப் பணத்தைக் காட்ட மறந்துவிட்டேன். சம்பளத்தை மட்டும் தாக்கல் செய்தேன். இப்போது ஏஐஎஸ் (வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை) பார்த்தால் அது இருக்கிறது. பயமாக இருக்கிறது ஐயா.
திருநெல்வேலி வாசகர்

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இதற்காகவே ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த தாக்கல் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து 48 மாதம் வரை செய்யலாம். உங்கள் மதிப்பீட்டு ஆண்டு 2024-25, அது 2025 மார்ச் 31 அன்று முடிந்தது. அதிலிருந்து முதல் 12 மாதத்துக்குள் என்றால் கட்ட வேண்டிய வரி, வட்டியின் மேல் கூடுதலாக 25%. இரண்டாவது 12 மாதத்தில் 50%, பிறகு 60%, கடைசியில் 70%. 2027 மார்ச் 31க்குள் முடித்தால் 50%-லேயே நிற்கும்.

முதலில் விடுபட்ட தொகையின் வகையையும் அதற்குப் பிடித்த டிடிஎஸ்ஸையும் பாருங்கள். எல்லாம் கணக்கிட்ட பிறகு கட்ட வேண்டியது வந்தால் மட்டுமே ஐடிஆர்-யு. பணம் திரும்ப வர வேண்டும் என்று கணக்கு வந்தால் இந்த வழி கிடையாது. அப்போது தாமதத்தை மன்னிக்கக் கோரி பிரிவு 119(2)(பி)-யில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் 26ஏஎஸ், ஏஐஎஸ், அப்போது தாக்கல் செய்த நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.