காட்டன் தாளில் நிறம் செத்துப்போவது ஏன்? எந்த கலர் புரொஃபைல் போட வேண்டும்?

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் திரையில் பொன்னாக மின்னுகிறது, காட்டன் தாளில் அடித்தால் சாம்பல் பூத்து வருகிறது என்கிறீர்கள். பளபளப்புத் தாளின் புரொஃபைலையே இதற்கும் போட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

ஐசிசி புரொஃபைல் என்பது எந்த நிறம் தாளில் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு; பிரிண்டர், மை, தாள் மூன்றும் சேர்ந்த கணக்கு. ஒன்று மாறினாலும் கணக்கு தப்பும். எப்சன் பி700 பிரிண்டரில் ஹானமூலே நிறுவனத்தின் போட்டோ ராக் 308 என்ற காட்டன் தாளைப் போடுகிறீர்கள் என்றால், அந்த ஜோடிக்கான புரொஃபைலை ஹானமூலே தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். அதற்கு எந்த மீடியா டைப், அதாவது பிரிண்டர் அமைப்பில் எந்தத் தாள் வகையைத் தேர்வு செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். எவ்வளவு மை இறங்க வேண்டும், கருப்பு மை பளபளப்புத் தாளுக்கான போட்டோ பிளாக்கா, மங்கல் தாளுக்கான மேட் பிளாக்கா என்பதெல்லாம் மீடியா டைப்பைப் பொறுத்தது.

நிறத்தை போட்டோஷாப் பார்த்துக்கொள்ளட்டும். பிரிண்டர் டிரைவரில் கலர் மேனேஜ்மென்டை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை.

அடிப்பதற்கு முன் சாஃப்ட் ப்ரூஃப், அதாவது தாளில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும் முன்னோட்டம் பாருங்கள். தாளில் அடங்காத நிறங்களை எப்படி மாற்றுவது என்ற தேர்வில், பொதுவாக ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் (அடங்காத நிறத்தை மட்டும் எல்லைக்குள் இழுப்பது), கூடவே பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் (படத்தின் கருப்பைத் தாளின் கருப்போடு பொருத்துவது) போதும். குறுவை நாற்றங்காலின் கொழுத்த பச்சை மேட் தாளின் எல்லைக்குள் அடங்காமல் திட்டாகத் தெரிந்தால் எல்லா நிறங்களையும் சேர்த்தே சுருக்கும் பெர்செப்சுவலுக்கு மாற்றிப் பாருங்கள். மேட் தாளில் கருப்பு அவ்வளவு ஆழமாக வராது. மண்டபத்து நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.

ஐப்பசி அடைமழையில் தாள் ஈரம் இழுத்து நெளியும், அதற்குப் புரொஃபைல் கிடையாது. அடிக்கும்வரை உறையைப் பிரிக்காதீர்கள்.