பழுதான சார்ஜர் பேட்டரியைக் கெடுத்துவிட்டதா?

கேள்வி: லேப்டாப்போடு வந்த சார்ஜர் போய்விட்டதால், விலை குறைந்த ஒன்றை வாங்கி 3 மாதம் ஓட்டினேன். விட்டுவிட்டுத்தான் சார்ஜ் ஏறியது, அடாப்டரும் கொதித்தது. இப்போது ஒரிஜினல் வாங்கிவிட்டேன். பேட்டரி கெட்டிருக்குமா? விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன்.
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: சார்ஜரின் 19.5 வோல்ட் நேராகப் பேட்டரிக்குப் போவதில்லை. மதர்போர்டிலுள்ள சார்ஜிங் ஐசி என்ற சிப் அதைக் குறைத்து, அளந்துதான் கொடுக்கிறது. பேட்டரிக்குள்ளும் தனியாக ஒரு பாதுகாப்பு போர்டு உண்டு. ஆகவே மட்டமான சார்ஜரால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் பின் சொருகும் ஜாக்கும் சார்ஜிங் சர்க்யூட்டும்தான். ஒரிஜினலைச் சொருகி பின்னை லேசாக அசைத்துப் பாருங்கள். சார்ஜ் விட்டுவிட்டு வந்தால் ஜாக்கை மாற்ற வேண்டும்.

பேட்டரியைச் சோதிக்க, கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு / குறி, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என ஒரே சொல்லாக. என்டர் தட்டியதும் அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று காட்டும். அதை பிரவுசரில் திறங்கள். 'டிசைன் கெப்பாசிட்டி' (புதிதில் இருந்த கொள்ளளவு) 41,000 மில்லிவாட்-மணி, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' (இப்போது முழுதாக ஏறும் அளவு) 34,850 என்றிருந்தால் 85 சதவீதம் மிச்சம். 2 ஆண்டு ஓடிய லேப்டாப்புக்கு இது நல்ல நிலைதான்.

பலரும் இதோடு மூடிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய பதில் கீழே 'பேட்டரி கெப்பாசிட்டி ஹிஸ்டரி' அட்டவணையில் இருக்கிறது. முழு சார்ஜ் அளவு எப்படி மாறி வந்தது என்பது அங்கே தேதியோடு இருக்கும். அந்த 3 மாதத்துக்கு முன்பும் அதே வேகத்தில்தான் இறங்கி வந்திருக்கிறது என்றால் அது வயது. சார்ஜர்மேல் பழி வேண்டாம். விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருந்தால் மட்டும் பழைய கணக்கு இருக்காது.

அந்த மாதங்களில் திடீரென இறங்கியிருந்தாலும் உடனே பேட்டரி வாங்கிவிடாதீர்கள். அரைகுறையாக ஏறி இறங்கியதில் பேட்டரியின் அளவு காட்டும் சிப் தடுமாறியிருக்கலாம். 100 வரை ஏற்றி, 2 மணி நேரம் சார்ஜரிலேயே விட்டு, பிறகு கழற்றி 10 சதவீதம்வரை பயன்படுத்துங்கள். மறுபடி முழுதாக ஏற்றி, ஒரு நாள் கழித்து அறிக்கை எடுங்கள். எண் கொஞ்சம் ஏறினால் கணக்குப் பிழைதான். இறக்கும்போது 30 சதவீதத்தில் சட்டென்று அணைந்தால், உள்ளே ஒரு செல் பலவீனமாகியிருக்கக்கூடும். அப்போது மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: டச்பேட் மேலெழும்பி, கிளிக் ஆக மறுக்கிறது. அறிக்கையில் 78 சதவீதம் காட்டுகிறது. பயன்படுத்தலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. அடியிலிருக்கும் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். சதவீதம் எவ்வளவு காட்டினாலும் சரி. சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, மெத்தை, திரைச்சீலை பக்கம் வைக்காமல் தரையில் வையுங்கள். டச்பேடை அழுத்தவோ, உப்பலைக் குத்தவோ வேண்டாம். சர்வீஸ் சென்டரில் கழற்றச் சொல்லுங்கள். பழையதைக் குப்பையில் போடாதீர்கள். மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.