குட்டி சரி, தாய் எங்கே?

கேள்வி: எங்களுக்குப் பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். லாப்ரடார் குட்டி வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒருவரைப் பிடித்தோம். குட்டிக்கு முப்பது நாள் ஆகிறதாம். விலை 12,000 ரூபாய். சான்றிதழ் வேண்டுமென்றால் இன்னும் 5,000. தாய் நாய் ஊரில் தோட்டத்தில் இருக்கிறது, நீங்கள் அலைய வேண்டாம், புதிய பஸ் நிலையத்துக்கே கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். இன்றிரவுக்குள் 3,000 முன்பணம் அனுப்பாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடுமாம். எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள் என்கிறார் என் கணவர். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மனம் சொல்வதைக் கேளுங்கள், பணம் அனுப்ப வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதும் பொய்யில்லை, நிறையப் பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள். அவர்களில் சிலரைத்தான் வாங்கிய நாலாம் நாள், துண்டில் சுற்றிய குட்டியோடு எங்களைப் போன்ற கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறோம். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, தலையைத் தூக்க முடியாத சோர்வு. பார்வோ வைரஸ். விற்றவருக்குப் போன் செய்தால், "எங்களிடம் இருந்தவரை நன்றாகத்தானே ஓடியாடியது" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் வரை ஆகும். கைமாறும்போது துள்ளும் குட்டி உங்கள் வீட்டுக்கு வந்துதான் படுக்கும். ஊர் ஊராகக் குட்டிகளைச் சேர்த்து ஒரே கூண்டில் அடைத்து விற்கும் இடைத்தரகரிடம் இந்த ஆபத்து மிக அதிகம். பஸ் நிலையத்தில் குட்டி கொடுப்பவர் அப்படிப்பட்டவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: குட்டி பிறந்த இடத்திலேயே தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் ஜோடிக்கலாம், பால் கொடுக்கும் தாயை ஜோடிப்பது கடினம். அதற்கும் துணிந்தவர்கள் உண்டு. ஏதோ ஒரு பெட்டை நாயைக் கட்டி வைத்து "இதுதான் அம்மா" என்பார்கள். அதன் வயிற்றுப் பக்கம் குனிந்து பாருங்கள். பால் கொடுக்கும் நாய்க்கு மடி தொங்கும், காம்புகள் நீண்டு தடித்திருக்கும், அவற்றைச் சுற்றிக் குட்டிகளின் நகக் கீறல்கூடத் தெரியும். வயிறு ஒட்டி, காம்பு சிறுத்து இருந்தால் அது அம்மா இல்லை. குட்டிகளை அருகில் விடச் சொல்லுங்கள். தாயென்றால் குட்டிகள் மோதிக்கொண்டு மடிக்கு ஓடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: உரிமையாளர் கையை நீட்டும்போது அந்தத் தாய் வாலை ஆட்டுகிறதா, சுவரோரம் ஒடுங்குகிறதா? ஒடுங்கினால் அந்த வீட்டில் நாயை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அடிக்கடி மிரளும் தாயின் குட்டிகளும் மிரட்சியோடு வளர வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது நல்லதல்ல.

முப்பது நாள் என்பது அடுத்த கோளாறு. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. முப்பதாம் நாளில் பிரித்துவிட்டால் அந்தப் பாடத்தை உங்கள் ஏழு வயதுப் பிள்ளையின் கையில்தான் படிக்கும். அதே விதிகள், நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கின்றன. பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு (ஒருமுறை குட்டி போடுவதற்கு) மேலும் ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேலும் கூடாது. ஆகவே பதிவு எண் என்ன, இது எத்தனையாவது ஈத்து என்று கேளுங்கள். முறையாகச் செய்பவர் பெரும்பாலும் "இப்போது குட்டி இல்லை, தை மாதம் வாருங்கள்" என்பார். லாப்ரடார், பக், ஷிட்சு, ராட்வீலர் எது கேட்டாலும் நாளைக்கே தயார் என்பவர் வியாபாரி.

சான்றிதழோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை என்று பேசுகிறவரை நம்பாதீர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கும் பதிவு, வம்சாவளிக்கான தாள். பெற்றோர் பதிவான நாய்கள் என்றால் அந்த ஈத்தின் குட்டிகளையும் பதிந்திருக்க வேண்டும். அதென்ன கூடுதல் ஐயாயிரம்? இன்னொன்று, அந்தத் தாள் உடல்நலத்துக்கு உத்தரவாதம் இல்லை. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததுண்டா என்று கேளுங்கள். நம் ஊரில் எடுப்பவர்கள் குறைவு. ஆனாலும் கேட்டதும் விளக்கம் சொல்ல முயல்கிறவரும் எரிந்து விழுகிறவரும் ஒன்றல்ல. "டபுள் போன்" (இரட்டை எலும்பு), "இம்போர்ட் லைன்" (வெளிநாட்டு வம்சம்) என்ற விற்பனைப் பேச்சு வந்தால் சிரித்துவிட்டு எழுந்துவிடுங்கள். எந்த நாய்க்கும் எலும்பு ஒரே செட்டுதான்.

தடுப்பூசிப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஸ்டிக்கர், பக்கத்தில் மருத்துவர் கையெழுத்து, பதிவு எண்ணோடு முத்திரை, இத்தனையும் வேண்டும். வெறும் பேனாவில் தேதி மட்டும் எழுதியிருந்தால் அது ஊசி போட்டதற்குச் சாட்சி ஆகாது. "எல்லா ஊசியும் முடிந்தது" என்று எட்டு வாரக் குட்டிக்குச் சொன்னால் அதுவும் பொய். சுமார் பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டிய ஊசிகள் அவை. வயிறு மட்டும் பானைபோல உப்பியிருந்தால் "நன்றாகச் சாப்பிடுகிறது" என்பார்கள், பெரும்பாலும் குடற்புழு.

நல்ல பிரீடர் உங்களையும் குடைவார். சொந்த வீடா, மாடிக் குடியிருப்பா, பகலில் யார் இருப்பார்கள், இதற்கு முன் வளர்த்த நாய் என்னவாயிற்று என்றெல்லாம் கேட்பார். எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பணம் எப்போது என்பதைத் தவிர எதையும் கேட்காதவருக்குக் குட்டி எங்கே போனால் என்ன?

ஒரு கடினமான விஷயம். அழுக்குக் கூண்டில் நோஞ்சானாக நிற்கும் குட்டியைப் பார்த்தால், பாவம், நாமாவது காப்பாற்றுவோம் என்று தோன்றும். நீங்கள் கொடுக்கும் பணத்தில்தான் அந்தத் தாய் அடுத்த முறையும் இனச்சேர்க்கைக்கு விடப்படும். வாங்காமல் வெளியே வந்து, இடத்தையும் பார்த்ததையும் எழுதி விலங்கு நல வாரியத்துக்குப் புகார் அனுப்புங்கள்.

இன்றிரவு அந்த ஆளுக்குப் போன் செய்து, "தாயையும் குட்டிகளையும் சேர்த்து இப்போதே வீடியோ அழைப்பில் காட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு நாங்களே வருகிறோம், எட்டு வாரம் ஆனதும் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். சம்மதித்தால் போய்ப் பாருங்கள், ஆனால் முதல் முறை பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் குட்டியைத் தூக்கிவிட்டால் பேரம் முடிந்தது. வாங்குவதாக முடிவானால், ஒரு வாரத்துக்குள் மருத்துவர் நோய் கண்டுபிடித்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குட்டியோடு வீட்டுக்குப் போகும் முன் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அங்கே தரையில் மட்டும் விடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும்.